அவன் சொல்லச் சொல்ல... நான் எழுத எழுத!

முதலில் உங்களுக்கு ஒரு குட்டிப் பரீட்சை. பயப்படாதீர்கள், மார்க் கிடையாது. கையில் கிடைத்த துண்டுக் காகிதத்தில் 'கொக்கு' என்று எழுதுங்கள்.

எழுதியாச்சா? இப்போது அதையே நிதானமாக வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வாயில் முதலில் வருவது 'க்'. அப்புறம்தான் 'ஒ'. ஆனால் உங்கள் கை முதலில் போட்டது என்ன? ஒற்றைக் கொம்பு! அப்புறம் 'க'. அப்புறம் ஒரு துணைக்கால். அதாவது, வாய்க்கு இரண்டாவதாக வந்த சத்தத்தைக் கை இரண்டு துண்டாக வெட்டி, ஒரு துண்டை 'க'வுக்கு முன்னாலும் இன்னொன்றைப் பின்னாலும் ஒட்டியிருக்கிறது. கடைசியில் வருகிற 'கு'வைப் பாருங்கள். அதில் கொம்பும் இல்லை, காலும் இல்லை. எழுத்தே உடம்பை வளைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

"இதெல்லாம் ஒரு விஷயமா டீச்சர்? ஒண்ணாங் கிளாஸ் பிள்ளை எழுதிடுமே!" என்பீர்கள். எழுதிவிடும். முக்கால்வாசிப் பிள்ளைகள் எழுதிவிடும். மீதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அரசுப் பள்ளியில் இருபத்தாறு வருஷமாகத் தமிழ் நடத்துகிறேன். தமிழுக்கு மொத்தம் 247 எழுத்து என்று பெருமையாகச் சொல்லிக்கொடுப்பேன். அந்த 247-ம் சில பிள்ளைகளின் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பது வேறு கதை. 'கௌதமன்' என்று எழுதிப்போட்டால், 'கெ... ள... தமன்' என்று வாசிக்கும். அதன் மேல் என்ன தப்பு? நாம்தான் ஔகாரக் குறியையும் 'ள'வையும் ஒரே அச்சில் வார்த்து வைத்திருக்கிறோம்! ல, ள, ழ என்று மூன்று பேர். ந, ன, ண என்று இன்னொரு மூன்று பேர். 'கடல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் இருப்பது ஒரே 'க'தான். ஆனால் மூன்று இடத்திலும் மூன்று சத்தம். இங்கிலீஷோடு ஒப்பிட்டால் தமிழ் எவ்வளவோ ஒழுங்கான எழுத்துதான், மறுக்கவில்லை. அந்த ஒழுங்கும் பிடிபடாமல் ஆறாவது, ஏழாவது, எட்டாவது என்று வந்து சேர்கிற பிள்ளைகள் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறார்கள்.

அவர்களுக்கு நம் ஊரில் ரொம்பக் காலமாக ஒரே பேர்தான். மக்கு!

பெர்ஸியும் ப்ரெஸியும்

இந்த 'மக்கு' பட்டத்தை முதன்முதலில் சந்தேகப்பட்டவர்களில் ஒருவர் இங்கிலாந்து டாக்டர் பிரிங்கிள் மார்கன். அவரிடம் 14 வயதுப் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பேர் பெர்ஸி. சுறுசுறுப்பு, நல்ல கண் பார்வை, விளையாட்டில் யாருக்கும் சளைத்தவனில்லை. கணக்கு போடுவான், எண்களைத் தடையில்லாமல் வாசிப்பான். ஆனால் எழுத்து? தன் சொந்தப் பேரையே 'ப்ரெஸி' என்று மாற்றி எழுதினான்!

அவனுக்குப் பல வருஷம் பாடம் நடத்திய வாத்தியார் டாக்டரிடம் ஒன்று சொன்னாராம்: பாடம் முழுக்க வாய்மொழியாகவே நடந்தால் பள்ளிக்கூடத்திலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று. டாக்டர் இதையெல்லாம் 1896 நவம்பரில் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். இன்றைக்கு நாம் 'டிஸ்லெக்ஸியா' என்கிறோமே, அதைப் பிள்ளைகளிடம் கண்டுபிடித்து எழுதிய முதல் கட்டுரைகளில் அது ஒன்று.

அந்த வாத்தியார் சொன்னதைக் கவனித்தீர்களா? பிள்ளையிடம் ஒன்றும் குறையில்லை, நான் நடத்துகிற வழிதான் அவனுக்குப் பொருந்தவில்லை என்கிற அர்த்தம் அதில் இருக்கிறது. நூற்று முப்பது வருஷம் ஆகப்போகிறது. எத்தனை பள்ளிக்கூடத்தின் காதில் விழுந்திருக்கிறது என்பதை உங்கள் முடிவுக்கே விட்டுவிடுகிறேன்.

வாயைக் கட்டிய நாலு மணி நேரம்

பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் 'சொல்வதை எழுதுபவர்' என்று ஒரு டியூட்டி உண்டு. பார்வையில்லாத பிள்ளைகள், கையால் எழுத முடியாத பிள்ளைகள், டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைகள் இவர்களுக்கெல்லாம், அவர்கள் வாயால் சொல்வதைக் கேட்டு ஒரு ஆசிரியர் விடைத்தாளில் எழுதித் தருவார். தனி அறை, கூடுதலாக ஒரு மணி நேரம். அந்தப் பாடத்தை நடத்துகிற ஆசிரியரை அதற்குப் போட மாட்டார்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் அறிவியல் தேர்வு அன்று எனக்கு அந்த டியூட்டி. தமிழ் டீச்சருக்கு அறிவியல்! என் விஞ்ஞானம் ஒளிச்சேர்க்கையோடு நின்றுபோனது. ஆகவே மிகப் பொருத்தமான ஆள்தான்.

பையன் வந்தான். மோட்டார் ரிப்பேர் பார்ப்பவரின் மகன். வேறு பள்ளி. விடைத்தாளைப் பார்த்ததுமே உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.

"தம்பி, நீ எழுத வேண்டாம். சொன்னாப் போதும். நான் எழுதறேன்."

"தப்பா சொன்னா திட்டுவீங்களா டீச்சர்?"

"திட்டக் கூடாதுன்னு ரூல் இருக்கு."

முதல் தடவையாகச் சிரித்தான்.

கேள்வியை நான் வாசிப்பேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பான். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொல்வான். மரபியலில் ஒரு நெடுவினா வந்தது. நெட்டைப் பட்டாணிச் செடி, குட்டைப் பட்டாணிச் செடி, இரண்டையும் கலந்தால் முதல் தலைமுறையில் எல்லாமே நெட்டை, அடுத்த தலைமுறையில் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் குட்டை திரும்பி வருவது வரை, கதை மாதிரி சொல்லிக்கொண்டே போனான். "டீச்சர், குட்டை காணாமப் போகலை. உள்ள ஒளிஞ்சிட்டு இருந்துச்சு. அதை எழுதிட்டீங்களா?" என்று சரிபார்த்துக்கொண்டான். எனக்கு அன்றைக்குத்தான் அந்தப் பாடம் புரிந்தது!

ஒரு மார்க் கேள்வி ஒன்றில் தப்பான விடையைச் சொன்னான். எனக்கே தெரிந்த விடை அது! கை துறுதுறுக்கிறது, நாக்கு நமைக்கிறது. என்ன செய்ய? அவன் சொன்ன தப்பை அழகான கையெழுத்தில் எழுதிவைத்தேன். அதுதான் அந்த டியூட்டியின் தர்மம்.

நாலு மணி நேரம் அனாவசியமாக ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தேன் என்று வீட்டில் வந்து சொன்னேன். என் கணவர் பேப்பரிலிருந்து நிமிர்ந்தார். "இந்த டியூட்டியை வருஷம் பூரா போட மாட்டாங்களா?"

பரீட்சை எதை அளக்கிறது?

"அதெப்படி டீச்சர், இன்னொருத்தர் எழுதிக் குடுத்தா யார் வேணும்னாலும் பாஸாயிடலாமே? மத்த பிள்ளைங்களுக்கு அநியாயம் இல்லையா?" பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டார். நியாயமான கேள்விதான்.

அறிவியல் தேர்வு எதைச் சோதிக்க வைக்கப்படுகிறது? மெண்டல் என்ன கண்டுபிடித்தார் என்று தெரியுமா என்பதை. 'பட்டாணி'யில் இரண்டு சுழி 'ன'வா, மூன்று சுழி 'ண'வா என்பதை அல்ல. அந்தப் பையனுக்குத் தெரியாத ஒரு வரியைக்கூட என் பேனா எழுதவில்லை. அவனுக்குத் தெரிந்ததுதான் தாளுக்கு வந்து சேர்ந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு பரீட்சை எழுதுகிற பிள்ளையை நாம் 'காப்பி அடிக்கிறான்' என்று சொல்வதில்லை. மாறாக, கையெழுத்து முத்து முத்தாக இருந்தால் அரைகுறை விடைக்கும் அரை மார்க் சேர்த்துப் போடுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. அதை யாரும் அநியாயம் என்று சொல்லிக் கேட்டதில்லை!

அந்த மெண்டல் சமாசாரத்தையும் சொல்லிவிடுகிறேன். உலகமே கொண்டாடும் கிரிகோர் மெண்டல் 1850-ல் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதி ஃபெயில். 1856-ல் மறுபடி போனார். அப்போதும் தேறவில்லை. பட்டாணி ஆராய்ச்சியை ஆரம்பித்தது அதே 1856-ல்தான்! நம்ம ஊர் 'டெட்' தேர்வுக்காகத் தவமிருக்கும் தம்பி தங்கைகள் இதை நறுக்கி வைத்துக்கொள்ளலாம்.

உடனே, 'அப்படியானால் திணறுகிற பிள்ளை எல்லாம் மேதை' என்று கிளம்பிவிட வேண்டாம். 2007-ல் 'தாரே ஜமீன் பர்' இந்திப் படம் வந்தபோது இந்தப் பிரச்னை வீட்டுக்கு வீடு பேசப்பட்டது. நல்லதுதான். கூடவே, 'ஐன்ஸ்டீனுக்கும் இருந்ததாம்' என்று ஆதாரமில்லாத பேச்சும் பரவியது. படத்துப் பையன் பிரமாதமாகப் படம் வரைவான். என்னிடம் வருகிற பிள்ளைகளில் பலருக்குப் படமும் வராது, பாட்டும் வராது. மேதையாக இருந்தால்தான் உதவுவோம் என்றால் அதற்குப் பேர் உதவியா? ஒரு பிள்ளை 35 மார்க் வாங்கி, ஐ.டி.ஐ.யில் சேர்ந்து, சொந்தக் காலில் நின்றால் போதும். அதற்கே நாம் வழி விடவில்லை என்பதுதான் விஷயம்.

அளவுகோலைக் கண்டுபிடித்தவரே என்ன நினைத்தார் தெரியுமா? பாரிஸில் ஆல்ஃபிரட் பினே, 1905-ல் சிமோன் என்பவரோடு சேர்ந்து முதல் புத்திக்கூர்மைச் சோதனையைத் தயாரித்தார். எந்தப் பிள்ளைக்கு விசேஷ உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் அது. புத்தி என்பது கூடாது, குறையாது என்ற பேச்சையே அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பயிற்சியால் வளரும் என்றார். அவர் 1911-ல் காலமானார். அப்புறம் அந்தச் சோதனையையே தரம் பிரித்து முத்திரை குத்தும் ரப்பர் ஸ்டாம்ப் ஆக்கிவிட்டார்கள். விளக்கைக் கொடுத்தால் அதாலேயே தலையில் அடித்த கதை!

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டத்தில் குறையில்லை. 1995-ல் வந்த சட்டம் 7 வகைக் குறைபாடுகளைத்தான் கணக்கில் எடுத்தது. டிஸ்லெக்ஸியா அதில் கிடையாது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. கற்றல் குறைபாடும், ஆட்டிசமும் உள்ளே வந்தன. முறையான சான்றிதழ் இருந்தால் தமிழ்நாட்டில் பொதுத் தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாடம் ஒன்றிலிருந்து விலக்கு என்று சலுகைகள் உண்டு. தலைமை ஆசிரியர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். சென்னையில் 'மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன்' 1990-களின் ஆரம்பத்திலிருந்தே இதற்காக வேலை செய்துவருகிறது.

சிக்கல் எங்கே என்றால், சான்றிதழுக்கு அலைகிற அப்பா அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகிறது. சில சமயம் இரண்டு, மூன்று நாள் கூலி. தகவல் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்குச் சலுகை. தெரியாத வீட்டுப் பிள்ளைக்கு 'மக்கு' பட்டம். அந்த மோட்டார் ரிப்பேர்க்காரர் மகனுக்குக்கூட, அவன் பள்ளி டீச்சர் ஒருவர் ஒன்பதாவதில் பிடித்து, ஓடி ஓடிப் பேப்பர் வாங்கிக் கொடுத்ததால்தான் அந்தத் தனி அறை கிடைத்தது. அதற்கு முன்னால் எட்டு வருஷம்? அதை யார் திருப்பிக் கொடுப்பது?

சிறப்பாசிரியர் விஷயத்தில் 2022-ல் மத்திய அரசு ஒரு கணக்கே சொல்லிவிட்டது. தொடக்க நிலையில் இப்படிப்பட்ட பிள்ளைகள் 10 பேருக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர். எங்கள் பக்கம் வருகிற சிறப்பாசிரியரைப் பார்த்தால் பாவமாக இருக்கும். டூ வீலரில் ஊர் ஊராகப் போகிறார். அவர் எங்கள் பள்ளிக்கு வருகிற நாளில் பிள்ளை வந்திருக்க வேண்டும், பிள்ளை வருகிற நாளில் அவர் வர வேண்டும். கல்யாணப் பொருத்தம் மாதிரி இரண்டும் அமைய வேண்டும்!

மணலில் இருக்கிறது சூட்சுமம்

"நாற்பது பேர் இருக்கிற கிளாஸ்ல ஒருத்தனுக்காக நான் தனியா நடத்த முடியுமா?" இது என் சக ஆசிரியர்கள் கேட்பது. வெறும் சாக்கு இல்லை, நிஜமான கஷ்டம்.

ஆனால் ஒரு பழைய சங்கதி. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள். எழுதும்போதே உரக்கச் சொன்னார்கள். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தான். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னையில் அனாதைப் பள்ளி ஒன்றை நடத்தியபோது இதைப் பார்த்து அசந்துபோனார். தன் பள்ளியிலும் செய்து பார்த்து, 1797-ல் இங்கிலாந்தில் புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்றே அதற்குப் பேர் வந்தது.

அமெரிக்காவில் 1930-களில் ஆர்ட்டன் என்ற டாக்டரும் கில்லிங்ஹாம் என்ற ஆசிரியையும் டிஸ்லெக்ஸியா பிள்ளைகளுக்காக ஒரு முறையை உருவாக்கினார்கள். கண்ணால் பார், காதால் கேள், வாயால் சொல், கையால் தடவி எழுது, எல்லாம் ஒரே நேரத்தில். இன்றைக்கும் சிறப்பாசிரியர்கள் தட்டில் மணல் பரப்பி எழுத வைக்கிறார்கள். நம் தாத்தா திண்ணையில் செய்த அதே வேலை!

அதற்காகத் திண்ணையை சொர்க்கம் என்று சொல்லவில்லை. கோதண்டம் என்று தூக்கிக் கட்டிவைக்கிற தண்டனையும் அங்கேதான் இருந்தது. எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் அந்தத் திண்ணையில் இடமும் இருக்கவில்லை. நல்லதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

எடுத்தும் பார்த்திருக்கிறோம். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. 2007-ல் மாநிலம் முழுக்கப் பரவியது. டீச்சர் தரையில் உட்கார்ந்தார். பிள்ளை எட்டும் உயரத்துக்குக் கரும்பலகை இறங்கியது. அட்டைகளை எடுத்து, ஏணிப் படியில் அவரவர் வேகத்தில் ஏறலாம். 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. 'கிளாஸ் ஒன்று, ஆனால் எல்லாரும் ஒரே படியில் இல்லை' என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். 2017-ல் பொதுத் தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் போடுவதையும் நிறுத்தினார்கள். தொடக்கப் பள்ளியில் அரும்பை அரும்பாக விடுகிறோம். ஆறாவதுக்கு வந்ததும் எல்லாரும் ஒரே நாளில் மலர வேண்டும் என்கிறோம். அங்கேதான் இடிக்கிறது.

காசில்லாமல் செய்யக்கூடியவை

சட்டம், நியமனம் எல்லாம் வரும்போது வரட்டும். நாளைக் காலை முதல் மணியிலேயே செய்யக்கூடியவை சில உண்டு.

பிள்ளை வாசிக்கத் திணறினால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். இரண்டும் சரியாக இருந்தும், வாயால் சொல்வதற்கும் கையால் எழுதுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் என்றால் சந்தேகப்படுங்கள். இது சோம்பேறித்தனம் அல்ல. நூறு தடவை இம்போசிஷன் எழுதினால் போகிற வியாதியும் அல்ல. நூறு தடவையும் தப்பாகவே எழுதிப் பழகும், அவ்வளவுதான்.

வகுப்பில் திடீரென்று எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்லாதீர்கள். எந்தப் பத்தி என்று முந்தின நாளே சொல்லிவிட்டால் பிள்ளை தயாராகி வரும். கரும்பலகையில் இருப்பதை முழுக்கப் பார்த்து எழுதச் சொல்வதைக் குறையுங்கள். பக்கத்தில் நன்றாக எழுதுகிற பிள்ளையை உட்காரவையுங்கள். வகுப்புத் தேர்வில் கருத்துக்குத் தனி மார்க், எழுத்துப் பிழைக்குத் தனி மார்க் போடுங்கள். கொஞ்சம் கேள்விகளை வாயாலேயே கேளுங்கள். இதையெல்லாம் ஒரு பிள்ளைக்காகச் செய்தால், வெளியே சொல்லத் தெரியாமல் முழித்துக்கொண்டிருக்கிற இன்னும் நாலு பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பலன் கிடைக்கும்.

அப்பா அம்மாவுக்கு ஒன்றே ஒன்று. மார்க் ஷீட் வருகிற அன்று, "பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். அவன் வாங்கின மார்க்கில் உங்கள் வீட்டு அடுப்பு எரியப்போவதில்லை.

'பள்ளிக்கூடம்னா ஒரு முறை இருக்கு, அதை யாருக்காகவும் மாத்த முடியாது' என்பவர்களுக்கு, தமிழ் டீச்சராக என் பதில் இது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வாசிப்பவரைக் குழப்புகிறது என்று 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எழுத்தை மாற்றினார். 1935-ல் பெரியார் 'குடி அரசு' இதழில் ணை, லை, னை போன்ற எழுத்துகளின் பழைய வடிவத்தை மாற்றி அச்சடித்தார். 1978-ல் தமிழ்நாடு அரசே அதை ஏற்றுக்கொண்டது. ஓலைச்சுவடிக் காலத்திலிருந்து வந்த எழுத்தே வாசிக்கிறவனுக்காகத் தன் கொம்பையும் காலையும் மாற்றிக்கொண்டிருக்கிறது. நேற்று வந்த நம்ம கொஸ்டின் பேப்பருக்கு மட்டும் என்ன அப்படி ஒரு விறைப்பு?